கார்க் நகரத்து கூஸ் வாத்து, பெங்களூர் காக்ஸ் டவுன் அடுப்பில்

கிறிஸ்துமஸுக்குக் கூஸ் வாத்து வேண்டும் என்றால் நவம்பர் 15-க்குள் சொல்லி வைத்துவிட வேண்டும். டிசம்பர் 20-ஆம் தேதி ரஸ்ஸல் மார்க்கெட்டில் போய் நின்றால் வான்கோழி கிடைக்கும், சாதா வாத்து கிடைக்கும், கூஸ் கிடைக்காது. எனக்கு வாடிக்கையாகக் கோழி கொடுக்கிறவர் முதல் வருஷம் என்னை நம்பவே இல்லை. "அக்கா, அது காவலுக்கு வளர்க்கிறதாச்சே, அதையா சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் பக்கத்தில் கூஸ் என்றால் பண்ணை வீட்டு வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஆளை விரட்டுகிற பறவைதான். இப்போது அவரே ஓசூர் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சொல்லி எடுத்துத் தருகிறார்.

நான் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். தங்கியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி நுழையாது, கூஸ்தான். இரண்டு பேரும் இங்கிலிஷ் மார்க்கெட்டுக்கு நடந்தே போவோம். 1788-இலிருந்து நடக்கிற சந்தை அது. பறவையைக் கையில் தூக்கிப் பார்த்து, நெஞ்செலும்பை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். அந்தக் கை சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அயர்லாந்தில் கூஸ் கிறிஸ்துமஸுக்கு மட்டும் உரியதில்லை. செப்டம்பர் 29, அதிதூதர் மிக்கேல் திருநாள்தான் பழைய காலத்துக் கூஸ் விருந்து. அறுவடை முடிந்ததும் தாளடியில் பறவைகளை விட்டுவிடுவார்கள். சிந்திய தானியத்தைத் தின்று அவை கொழுத்துப் போகும். நம் ஊரில் நெல் அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து மேய்ப்பார்களே, அதே சங்கதி. சமைத்த பிறகும் எதையும் வீணாக்க மாட்டார்கள். இறக்கையைக் காயவைத்து அடுப்படிச் சாம்பல் கூட்டுவார்கள், கொழுப்பைச் சளிக்கு நெஞ்சில் தேய்ப்பார்கள்.

சரி, பறவைக்கு வருவோம். சுத்தம் செய்த பிறகு 4 முதல் 4½ கிலோ இருந்தால் ஏழெட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும். பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் எலும்பும் கொழுப்பும் போகக் கறி குறைவு. கோழிக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். ஒரு வயதுக்குள் இருக்க வேண்டும். இளசு என்றால் கால் சவ்வு மெத்தென்று இருக்கும், நெஞ்செலும்பின் நுனி அழுத்தினால் வளையும். வளையவில்லை என்றால் வயதான பறவை. அதை மிளகு போட்டுக் குழம்பு வைத்துவிடுங்கள், ஓவனில் வைத்தால் ரப்பர்தான். ஏரிக்கரையில் பிடித்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். காட்டு வாத்தைப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பண்ணையில் வளர்த்தது மட்டும்தான் வாங்க வேண்டும்.

வாங்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். தோலை உரிக்கக் கூடாது, துண்டு போடக் கூடாது. நம் கடைக்காரர்கள் கை பழக்கத்தில் சட்டென்று உரித்துவிடுவார்கள். தோல் போய்விட்டால் இந்தச் சமையலே கிடையாது. கழுத்து, இதயம், இரைப்பை, ஈரல் எல்லாவற்றையும் தனியே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

24-ஆம் தேதி காலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருவேன். வெந்நீரில் முக்கிப் பிடுங்கினாலும் குச்சி குச்சியாகச் சின்ன இறகுகள் தோலுக்குள் நின்றுவிடும். என் பழைய ஃபோர்செப்ஸ் ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். இறகு சாய்ந்திருக்கிற திசையிலேயே இழுத்தால் தோல் கிழியாது. முக்கால் மணி நேரம் பிடிக்கும். அப்புறம் வயிற்று வாய்க்குள் கையை விட்டால் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கொழுப்புக் கட்டி இருக்கும். கையாலேயே வந்துவிடும். அதை எறிய வேண்டாம், ஒரு கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது தோலைக் குத்துவது. பல பேர் கத்தியை நேராக இறக்கிக் கறியையும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். அப்படிக் குத்தினால் சாறெல்லாம் வடிந்து கறி வறண்டுபோகும். தடித்த ஊசியைச் சாய்த்துப் பிடியுங்கள். வீட்டில் யாருக்காவது இன்சுலின் போட்டுப் பழக்கம் இருந்தால் அந்தக் கணக்குதான்: தோலைத் தாண்டிக் கொழுப்பு வரை, தசையைத் தொடாமல். தொடைக்கு அடியிலும் இறக்கைக்குக் கீழும் நெஞ்சின் இரண்டு ஓரங்களிலும் கொழுப்பு தடிமனாக இருக்கும், அங்கே நெருக்கமாகக் குத்துங்கள். பிறகு தொட்டியில் கம்பி வலை மேல் வைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். தோல் சட்டென்று இறுகுவது கண்ணுக்கே தெரியும். நன்றாக ஒற்றித் துடைத்து, உள்ளும் புறமும் உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். அதற்குக் கீழே பச்சையாகச் சாப்பிடுகிற எதுவும் இருக்கக் கூடாது. காலையில் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். மொறுமொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் அம்மா முதல் வருஷம் இஞ்சி பூண்டு விழுதோடு வந்து நின்றார். வேண்டாம்மா என்று சொல்லிச் சமாளிக்க ரொம்ப நேரம் ஆனது. உங்களுக்கும் கை அரிக்கும், தெரியும். இந்தக் கறிக்கு உப்பும் மிளகும் போதும். மசாலா தடவினால் நீண்ட நேரச் சூட்டில் அது கருகித் தோலும் கசந்துபோகும்.

இனி பூரணம். பறவையின் வயிற்றுக்குள் அடைக்கிற ஸ்டஃபிங்கை எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் சொல்வார், எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் ரொட்டித் தூளும் சேஜ் என்கிற வாசனை இலையும் வெங்காயமும் வைப்பார்கள். வீட்டுக்காரம்மா வைத்தது உருளைக்கிழங்கு. கூஸின் வயிற்றுக்குள் கொழுப்பு உருகி இறங்கிக்கொண்டே இருக்கும். ரொட்டி அதில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். உருளை அதைக் குடித்தாலும் உருவம் குலையாது. அந்தக் கிழங்கைப் பற்றி அவர் பேசுகிற விதமே வேறு. 1845 முதல் நாலைந்து வருஷம் கிழங்கு அழுகிப்போய்ப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்த நாடு அது. தோல் சீவும்போது கிழங்கோடு சேர்த்துத் தடியாகச் சீவினால் என் கையைப் பிடித்து நிறுத்துவார்.

மாவுக் கிழங்காக ஒரு கிலோ வேண்டும். தோல் நகத்தால் தேய்த்தாலே உரிகிற புதுக்கிழங்கு வேண்டாம், அது பிசுபிசுக்கும். தோலோடு வேகவையுங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக, சமவெளியில் ஆவதைவிடச் சில நிமிஷம் கூடவே ஆகும். குக்கரில் வைக்காதீர்கள், வெடித்துத் தண்ணீர் குடித்துவிடும். வெந்ததும் வடித்து, சூடாகவே தோல் உரித்து, அகலமான தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, மசியுங்கள். போண்டாவுக்குப் பிசைகிற மாதிரி அழுத்தாதீர்கள். பொலபொலவென்று அங்கங்கே சின்னக் கட்டி இருக்கட்டும். பால் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

50 கிராம் வெண்ணெயில் பெரிய வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கிச் சின்னத் தீயில் வதக்குங்கள். நிறம் மாறாமல் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். ஈரலைப் பொடியாக நறுக்கி அதிலேயே போட்டு, உள்ளே சிவப்பு இல்லாமல் பிரட்டுங்கள். புளிப்பான பச்சை ஆப்பிள் இரண்டு, தோல் சீவித் துண்டு போட்டு, இரண்டே நிமிஷம். அங்கே பிராம்லி என்கிற சமையல் ஆப்பிள் போடுவார்கள், நமக்குக் கிரானி ஸ்மித் போதும். அடுப்பை அணைத்து ஒரு தேக்கரண்டி தைம் இலை, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, ஒரு ஆரஞ்சின் மேல்தோல் துருவல், உப்பு, தாராளமாக மிளகுத்தூள். பச்சைத் தைம் கிடைக்காவிட்டால் காய்ந்ததைப் பாதி அளவு போடுங்கள். இரண்டிலும் ஒரே மணம்தானே என்று கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். கிழங்கு முழுக்க இருமல் மருந்து வாசனை, வேண்டாம். எல்லாவற்றையும் உருளையோடு கிளறி, முழுசாக ஆறவிடுங்கள். வெதுவெதுப்பான பூரணத்தைப் பச்சைக் கறிக்குள் வைத்தால் கிருமி பெருக இடம் கொடுத்த மாதிரி. ஆறின பூரணத்தையும் ஓவனில் ஏற்றுவதற்குச் சற்று முன்தான் அடைக்க வேண்டும். முக்கால் வயிறு மட்டும் நிரப்புங்கள், கிழங்கு ஊறி உப்பும். வாயைக் கெட்டிப் பருத்தி நூலால் தைத்து, கால்களைச் சேர்த்துக் கட்டுங்கள்.

ஓவனை முன்கூட்டியே அளந்து பார்த்துவிடுங்கள். என்னுடையது 60 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன், 4½ கிலோ தட்டுத் தடுமாறி உள்ளே போகும். முதல் வருஷம் நான் அளக்கவும் இல்லை, ஆழமான ட்ரேயும் வாங்கவில்லை. கேக்குக்கு வைத்திருந்த தட்டை ட்ரேயில் ஒரு மணி நேரத்தில் கொழுப்பு தளும்பிக் கம்பியில் விழுந்து, வீடு முழுக்கப் புகை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் நின்றதால் தப்பித்தோம். எரிகிற கொழுப்பில் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. இப்போது 7 சென்டிமீட்டர் ஆழ ட்ரே, அதன் மேல் கம்பி வலை, வலை மேல் கூஸ்.

நடுராத்திரிப் பூசைக்குப் போய்வந்து படுத்தாலும் காலை எட்டரைக்கு ஓவன் 220 டிகிரியில் சூடாக இருக்க வேண்டும். பறவையை ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நெஞ்சு மேலே பார்க்க வைத்து முதலில் அரை மணி நேரம். பிறகு 170 டிகிரிக்கு இறக்கி, கால் நுனியையும் இறக்கை நுனியையும் ஃபாயிலில் சுற்றி, இன்னும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். எண்ணெயோ வெண்ணெயோ மேலே தடவத் தேவையே இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை ட்ரேயில் சேர்ந்த கொழுப்பைக் குழிக்கரண்டியால் மொண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுவதுதான் உங்கள் வேலை. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரை லிட்டருக்குக் குறையாமல் சேரும். முதல் கரண்டி கலங்கலாக வரும், மூன்றாவது தடவை தெளிந்த பொன்னிறத்தில் வரும். நம் பண்ணைக் கூஸ் ஓடி ஆடி வளர்வதால் ஒன்றிரண்டு வருஷம் கொழுப்பு குறைவாகவும் இருந்திருக்கிறது. அப்போது 170-க்கு இறக்கியதும் ஒரு மணி நேரம் முழுப் பறவையையும் ஃபாயிலால் தளர்வாக மூடி வைத்தேன், கறி மெத்தென்று வந்தது.

இதற்கிடையில் கழுத்து, இரைப்பை, இதயத்தை ஒரு வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, பத்து மிளகோடு மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். கிரேவிக்கு அதுதான் தண்ணீர்.

வெந்ததா என்று பார்க்கத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், தெர்மாமீட்டரை விடுங்கள். 80 டிகிரி காட்டட்டும். பூரணத்தின் நடுவிலும் விட்டுப் பாருங்கள், 74-க்குக் குறையவே கூடாது. கறி வெந்து பூரணம் வேகாமல் இருந்தால் பூரணத்தைத் தோண்டி எடுத்து வேறு பாத்திரத்தில் மறுபடி ஓவனில் வையுங்கள்.

வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும். அந்த நேரத்தில் ட்ரேயில் இரண்டு கரண்டிக் கொழுப்பை மட்டும் விட்டு, ஒரு கரண்டி மைதா தூவி, அடியில் ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டி, வடித்த சாற்றை ஊற்றிக் கொதிக்கவைத்தால் கிரேவி. மூன்று ஆப்பிளைச் சர்க்கரை ஒரு கரண்டி, தண்ணீர் இரண்டு கரண்டியோடு குழைய வேகவைத்தால் ஆப்பிள் சாஸ். அந்தப் புளிப்பு இல்லாமல் இந்தக் கறியை நிறையச் சாப்பிட முடியாது.

முதலில் கால்களைப் பிரித்து, பிறகு நெஞ்சை எலும்போடு ஒட்டி நீளவாக்கில் இறக்கிக் குறுக்கே துண்டு போடுங்கள். நூலை அறுத்ததும் பூரணத்தைப் பெரிய கரண்டியால் அள்ளித் தனித் தட்டில் வையுங்கள். ஓரம் பழுப்பாக, நடு வெண்ணெய் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் கறிக்கு முன்னால் காலியாவது அந்தத் தட்டுதான். இஞ்சி பூண்டு விழுதோடு நின்ற அம்மா இப்போதெல்லாம் ஒன்றரைக் கிலோ கிழங்காகப் போடச் சொல்கிறார். கூடுதலாக உள்ளதைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, மொண்ட கொழுப்பில் நாலு கரண்டி ஊற்றிச் சுட்டுவிடுவேன்.

மீதிக் கொழுப்பை மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரம் இல்லாத பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்து வைத்த வயிற்றுக் கொழுப்பையும் சின்னத் தீயில் உருக்கி அதோடு சேர்க்கலாம். இரண்டு மூன்று மாதம் வரும். உருளை வறுக்க இதற்கு மேல் ஒன்று கிடையாது. எலும்புக்கூட்டை 26-ஆம் தேதி பெரிய பாத்திரத்தில் போட்டு, பார்லி ஒரு கைப்பிடியும் மிச்சக் கேரட்டும் சேர்த்து மூன்று மணி நேரம் கொதிக்கவிடுவேன். எங்கள் வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாடு அந்த சூப்பும் பன்னும்தான்.