மானுக்கு எங்கே குறி வைப்பது: வன்னியிலிருந்து ஒன்ராறியோ வந்தவர்களுக்கு

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களிலிருந்து இங்கே வந்து, துவக்கு அனுமதிப்பத்திரமும் வேட்டைப் பயிற்சிச் சான்றும் பெற்று, முதல் முறையாக மான் வேட்டைக்குப் புறப்படும் எம்மவர் பலர், ஊர்க் காட்டில் கேட்டுப் பழகிய குறியையே இங்கும் வைக்கப் பார்க்கிறார்கள். ஊரில் மானும் மரையும் சட்டத்தால் காக்கப்பட்டவை என்பதால், வேட்டை பெரும்பாலும் இரவில் ஒளித்து நடந்தது. ரோச் வெளிச்சத்தில் மினுங்கும் இரண்டு கண்களுக்கு நேரே இடியன் துவக்கை நீட்டி, மிகக் கிட்ட நின்று வெடி வைப்பார்கள். இங்கே இரவில் வெளிச்சம் அடித்து மான் சுடுவது குற்றம். பகலில், நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் மானின் தலை ஒரு கணமும் சும்மா இராது. நான்கு விரல் தவறினால் தாடை உடைந்த மான் ஓடி மறைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும். ஆகவே தலையையும் கழுத்தையும் விட்டுவிடுங்கள்.

குறி வைக்க வேண்டிய இடம் நெஞ்சறை. மான் பக்கவாட்டாக நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பு வழியே கண்ணை மேலே கொண்டுபோய், நெஞ்சடிக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சோற்றுக் கோப்பை அளவுக்குச் சுவாசப்பை பரந்திருக்கிறது. சற்றுத் தாழ்ந்தால் இருதயம். கை கொஞ்சம் ஆடினாலும் பிழைக்காத குறி இதுதான்.

மான் எப்போதும் பக்கவாட்டாக நின்று தராது. உடம்பைச் சரித்து அப்பால் பார்த்து நின்றால், சன்னம் மறுபக்க முன்னங்காலருகே வெளியேறும்படி, விலாவில் சற்றுப் பின்தள்ளிக் குறி வையுங்கள். பரணில் இருந்து சுடும்போது சன்னம் கீழ்நோக்கிச் சரிந்து போகும் என்பதால், சற்று உயரத்தில் பட வேண்டும். பின்பக்கத்தைக் காட்டி நின்றால் சுடவே வேண்டாம். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் வெறும் வானம் தெரிந்தாலும் அப்படியே. றைபிள் சன்னம் கிலோமீற்றர் கணக்கில் போகும்.

வெடி வைத்த பின் எல்லோருக்கும் கால் பரபரக்கும். என் முதல் வருடத்தில் சன்னம் ஒரு சாண் பின்னே பட்டுவிட்டது. மான் நின்ற இடத்தில் கொஞ்சம் மயிரும், பச்சை கலந்த மண்ணிறக் கறையும் இருந்தன. முகர்ந்தால் குடல் நாற்றம். அப்போது பல மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். நானோ உடனே பின்னால் ஓடி அதைக் கலைத்துவிட்டேன். இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. மேப்பிள் சருகில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் தெரிந்தால் அது சுவாசப்பை. அதற்கும் அரை மணி நேரம் காத்திருந்து போனால், மான் பெரும்பாலும் நூறு மீற்றருக்குள் கிடக்கும்.

தென் ஒன்ராறியோவின் பல இடங்களில் மானுக்கு றைபிளே அனுமதி இல்லை. உங்கள் பகுதியின் விதியை முதலில் பாருங்கள். செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் கட்டாயம்.

நெஞ்சறையில் பட்டால் பழுதாவது பெரும்பாலும் விலா இறைச்சிதான். தொடையும் முதுகும் முழுதாக வரும். ஊரில் போல வத்தல் போட்டு உறவினருக்குக் கொடுக்கலாம், விலைக்கு விற்க மட்டும் முடியாது.