ஜனவரியில் 5.2, மே மாதத்தில் 4.9: டெல்லி அறையில் ஓவர்கிளாக்

முனிர்க்காவில் நாலாவது மாடியில் இருக்கிறேன். ஒரு ஜனவரி ராத்திரி ஜன்னலை முழுசாகத் திறந்துவைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் ஐ5-12600கே சிப்பை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி, எல்லா பி-கோரிலும் (வேகமான பெரிய கோர்கள்) 5.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டி, வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் ஸ்கோர் எடுத்தேன். ஸ்கிரீன்ஷாட் போகாத ஆள் பாக்கி இல்லை. செட்டிங்கை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், சும்மா ஒரு ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது விண்டோஸ் விழுந்து நீலத்திரை. தப்பு சிப்பில் இல்லை, என்னிடம்தான். பெஞ்ச்மார்க் முடிந்தாலே ஸ்டேபிள் என்று நினைத்திருந்தேன்.

கணக்கு ரொம்பச் சாதாரணம். காற்றுக் கூலரோ லிக்விட் கூலரோ, அறைச் சூட்டுக்குக் கீழே எதுவும் இறக்காது. ஒரே லோடில் சிப் அறையைவிட ஏறக்குறைய ஒரே அளவு டிகிரி மேலே நிற்கும். 15 டிகிரி அறையில் 82 காட்டினால் வித்தியாசம் 67. மே மாதம் ஏசி இல்லாத அறை 36 என்றால் 103 ஆக வேண்டும், ஆனால் இந்த சிப்புக்கு எல்லை 100, அங்கே தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சோதிக்கும் நாளில் அறை எத்தனை டிகிரி என்பதையும் ஸ்கோருக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அது இல்லாத ஸ்கோர் பாதி ஸ்கோர்தான்.

எந்த சாமான் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டெல் என்றால் பெயர்க் கடைசியில் 'கே' இருக்கும் சிப், கூடவே 'இசட்' வரிசை போர்டு. ஏஎம்டி-யின் ரைசனில் பெரும்பாலானவை வேகத்தை மாற்ற முடியும்படி திறந்தே வரும், போர்டு 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசையாக இருக்க வேண்டும், 'ஏ' வரிசை உதவாது. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் இன்டெல் 'பி' போர்டைக் காட்டி "சப் ஹோ ஜாயேகா பாய்" (எல்லாம் ஆகும் தம்பி) என்பார்கள். அதில் ஆவது மெமரி ஓவர்கிளாக் மட்டும்தான், பி660 மாதிரி போர்டில் சிப்பின் வேகத்தை ஏற்றும் மல்டிபிளையரைத் தொட முடியாது.

முதலில் எதையும் மாற்றாமல் ஒரு அடிப்படைக் கணக்கு எடுங்கள். எக்ஸ்எம்பி-யை (ராமை வேகமாக ஓட்டும் செட்டிங்) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் கிராஷ் ஆகும்போது ராம் காரணமா சிப் காரணமா என்று தெரியாமல் முழிப்பீர்கள். சினிபெஞ்சின் 10 நிமிட ஓட்டம் ஒன்று, பக்கத்தில் சூடும் வோல்டேஜும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள். குறிக்க வேண்டியவை: ஸ்கோர், அதிகபட்சச் சூடு, வாட், லோடில் நிற்கும் வோல்டேஜ். முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். ஸ்டேபிள் இல்லாத சிப் விண்டோஸ் ஃபைல்களையே கெடுத்து எழுதும்.

அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் போர்டின் செட்டிங் திரை. வேகம் என்பது பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் ஒரு எண், அந்த எண்தான் மல்டிபிளையர். 51 போட்டால் 5.1. (1998-இல் செலரான் 300ஏ-யில் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டியிருந்ததால், பஸ்ஸை (அன்றைய பேஸ் கிளாக்) 66-லிருந்து 100 ஆக்கி 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450-இல் ஓட்டினார்கள். இன்று பேஸ் கிளாக்கைத் தொட அவசியமே இல்லை, 100-இலேயே விடுங்கள்.) பவர் லிமிட்டைத் தளர்த்துங்கள், ஈ-கோரை (பவர் குறைவாகத் தின்னும் சின்ன கோர்) இப்போதைக்கு மறந்துவிடுங்கள், கோர் வோல்டேஜை ஆட்டோவிலிருந்து எடுத்து 1.25-இல் நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் போர்டு தாராளமாக அள்ளிக் கொடுக்கும். மல்டிபிளையரை 48-இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சினிபெஞ்ச். விழுந்தால் 0.02 வோல்ட் கூட்டி மறுபடி.

இங்கேதான் கை அரிக்கும். சிப் தின்னும் பவர் வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 4.5-லிருந்து 5.1-க்குப் போக 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினீர்கள் என்று வையுங்கள்: வேகம் 13 சதவீதம் கூடியது, பவர் கிட்டத்தட்ட 37 சதவீதம். அத்தனையும் சூடு. காற்றுக் கூலரில் நான் 1.35-ஐத் தாண்டுவதில்லை. அதிக வோல்டேஜ் சிப்பை மெல்லத் தேய்க்கும் என்பது பழைய பயமுறுத்தல் இல்லை; இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் அப்படித்தான் தேய்ந்து, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தமே விட வேண்டியதாயிற்று.

எல்எல்சி என்று ஒரு செட்டிங் இருக்கும். பயாஸில் 1.30 போட்டாலும் முழு லோடில் வோல்டேஜ் 1.24 மாதிரி இறங்கும், அந்த இறக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. உச்சத்தில் வைத்தால் லோடு சட்டென்று விடும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். நடு அளவில் வையுங்கள். சில போர்டுகளில் எண் ஏற ஏற பலம், சிலவற்றில் 1 தான் மிகப் பலம், மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

சரி, சினிபெஞ்ச் முடிகிறது, ஸ்கோரும் வந்துவிட்டது. வேகம் கூட்டியும் ஸ்கோர் ஏறவில்லை என்றால் சூட்டில் வேகம் குறைகிறது, அல்லது உள்ளே பிழை வந்து திருத்திக்கொண்டிருக்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' (வன்பொருள் பிழைக் குறிப்பு) எண் 19 வரிசையாக நின்றால் ரெண்டாவது சங்கதி. அடுத்து பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக எழுதிய மென்பொருள் இது, அந்தத் திட்டம் 1996-லிருந்து நடக்கிறது. தெரிந்த விடைகளோடு ஒப்பிட்டே பார்ப்பதால் கணக்கு தப்பினால் உடனே பிடித்துவிடும்: கம்ப்யூட்டர் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வொர்க்கர் (சோதனையின் ஒரு பிரிவு) மட்டும் ரவுண்டிங் பிழை என்று சொல்லி நின்றுவிடும். நீலத்திரை வரவில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள், அதுவும் தோல்விதான். அதில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனையை, ஏவிஎக்ஸ் (கனமான கணக்குக் கட்டளைகள்) அணைத்து, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஏவிஎக்ஸ் போட்டால் எந்த கேமும் தராத சூடு வரும். வீடியோ என்கோடிங் வேலை இருப்பவர்கள் அதையும் தாங்க வைத்தே ஆக வேண்டும்.

இனி டெல்லிக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி. குளிர்காலத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் ஜன்னலை மூடி, ரூம் ஹீட்டரைப் போட்டு, அறையை 32, 33 டிகிரிக்குக் கொண்டுவந்து செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சிரித்தால் சிரிக்கட்டும். என் சிப் அந்த அறையில் 4.9, 1.24 வோல்ட்டில்தான் நின்றது. பயாஸில் ரெண்டு புரொஃபைல் சேமித்திருக்கிறேன்: ஜன்னல் திறந்த 5.2 ஸ்கோருக்கு, 4.9 தினசரி வேலைக்கு. மே மாதம் ஆந்தி (புழுதிப்புயல்) அடித்த மறுநாள் கேபினெட்டின் தூசி ஃபில்டரைக் கழற்றித் தட்டவில்லை என்றால் அந்த 4.9-ம் சந்தேகம்தான்.

எல்லாம் நின்ற பிறகே எக்ஸ்எம்பி-யைத் திரும்பப் போட்டு மெமரி டெஸ்ட் ஓட்டுங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்கள் எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டாதீர்கள், சிங்கிள் கோர் பூஸ்ட் போய்விடும். பிபிஓ (சிப் தானே பூஸ்டை நீட்டிக்கொள்ளும் வசதி) போட்டு, வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10-இல் ஆரம்பித்து கோர் கோராக இறக்குங்கள். அங்கே பிழை பெரும்பாலும் லோடில் வராது, சும்மா டெஸ்க்டாப்பில் நிற்கும்போது வரும், அதனால் ரெண்டு நாள் சாதாரணமாகப் பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பூட்டே ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி அஞ்சு நிமிடம் கழித்துப் போடுங்கள், பயாஸ் பழைய நிலைக்குப் போய்விடும். சில போர்டுகளில் சேமித்த புரொஃபைலும் கூடவே போய்விடும், எண்களைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருங்கள்.