புதுக்கோட்டைப் பாறைகளில் ஒரு நாள்

வார இறுதி என்றதும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறோம். ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் வாருங்கள். காலையிலேயே சித்தன்னவாசல். பாறை சூடேறுவதற்குள் ஏழடிப்பட்டம் என்ற மலைக்குகைக்கு ஏறி, சமணத் துறவிகளின் வழுவழுப்பான கற்படுக்கைகளைப் பார்த்துவிட வேண்டும். பிறகு குகைக்கோயில் விதானத்தில் தாமரைக்குள ஓவியம்: பூக்களுக்கிடையே மீன், வாத்து, யானை. அவசரப்படாமல் அண்ணாந்து பாருங்கள்.

நார்த்தாமலையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விஜயாலய சோழீச்சுரம் மேற்குப் பார்த்த கோயில், சாயும் வெயில் நேராக முகப்பில் விழும். எதிரே குடைவரையில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள்! தண்ணீர், தொப்பி, நல்ல பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.