சிமெண்ட் வைத்த மூட்டு, வைக்காத மூட்டு: தேர்வில் தவறுவது எங்கே?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானதுமே வீட்டில் யாராவது கைபேசியில் தேடிவிட்டு வந்து நிற்பார்: "சிமெண்ட் வைக்காத மூட்டு புதுசா வந்திருக்காம், அதையே கேளுங்க."

செயற்கை மூட்டை எலும்பில் சிமெண்ட் வைத்தும் பொருத்தலாம், வைக்காமலும் பொருத்தலாம். வைக்காததைப் புதுசு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது புது வரவே அல்ல. 1980களிலேயே புழக்கத்தில் இருந்தது. அன்றைய சில வடிவங்களில் கீழ்க்கால் எலும்பில் பொருத்திய தட்டு தளர்ந்துபோனதால் பல மருத்துவர்கள் சிமெண்டுக்கே திரும்பினார்கள். இன்றைய நுண்துளை டைட்டானியப் பரப்புகள் எவ்வளவோ மேல். இருந்தும் பிரிட்டனின் தேசிய மூட்டுப் பதிவேட்டைப் பார்த்தால், முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை சிமெண்ட் வைத்தவைதான்.

சிமெண்ட் என்றதும் கட்டடம் நினைவுக்கு வந்து மிரள்பவர்களும் உண்டு. இது அக்ரிலிக், பல்செட் செய்யும் பொருளின் குடும்பம். பசையும் அல்ல. மாவுப் பதத்தில் பிசைந்து எலும்பின் பஞ்சுத் துளைகளுக்குள் அழுத்தினால், கால் மணி நேரத்துக்குள் இறுகிக் கவ்விக்கொள்ளும். வெட்டிய பரப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் நிரப்பிவிடும்.

சிமெண்ட் இல்லாத மூட்டில் அந்தச் சலுகை கிடையாது. வெட்டு கச்சிதமாக இருக்க வேண்டும். பிறகு எலும்பே உலோகத்துக்குள் வளர்ந்து பிடிக்க வேண்டும். அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. ஐம்பத்தைந்து வயதிலும் எலும்பு பொலபொலவென்று இருக்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்து மெலிதல் (ஆஸ்டியோபோரோசிஸ்), முடக்குவாதம், நெடுநாள் ஸ்டீராய்டு உள்ளவர்களுக்குப் பொதுவாக சிமெண்டையே விரும்புவார்கள். எலும்பு திடமாக உள்ள இளவயதினர், உடல் எடை அதிகமுள்ளவர்கள் என்றால் மற்றதைப் பரிசீலிக்கலாம். தொடை எலும்பில் சிமெண்ட் இல்லாமலும் கீழே சிமெண்டோடும் வைக்கும் கலப்பு முறையும் உண்டு.

"சிமெண்ட் இல்லேன்னா ஆயுசுக்கும் வரும்" என்பதையும் நம்பிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) தகடு இரண்டிலும் தேயும். கிருமித் தொற்றும் இரண்டிலும் வரலாம்.

மருத்துவரிடம் "எது நல்லது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். "என் எலும்பு எப்படி இருக்கிறது? இந்த வகையை ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கைப்பழக்கம் பெரிய விஷயம்.

இந்தியாவில் முழங்கால் மூட்டுக்கான பொருட்களுக்கு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு வந்தது. பில்லில் அந்த விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பொருளோடு வரும் ஸ்டிக்கரின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டு கழித்து மறு அறுவை தேவைப்பட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லும்.