களைக்கொல்லி வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டும் முன்

நெல் வயலில் களைக்கொல்லி அடித்துப் பத்து நாளாகியும் புல் பச்சையாகவே நின்றால், உடனே வாயில் வருவது "மருந்து டூப்ளிகேட்" என்பதுதான். அடுத்து டோஸைக் கூட்டி இன்னொரு முறை அடிப்போம். சந்தையில் போலி மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் பல நேரங்களில் கோளாறு பாட்டிலில் இருப்பதில்லை. வயலில் நின்ற தண்ணீரிலும் அடித்த நாளிலும்தான் இருக்கிறது.

பூட்டாக்ளோர், பிரட்டிலாக்ளோர் போன்றவை களை முளைக்கும் முன்பே போட வேண்டியவை. நட்ட 3 முதல் 5 நாளுக்குள், ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து தூவுகிறோம். அப்போது வயலில் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். பிறகு 2 நாளைக்கு அதை வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் விடவும் கூடாது. தண்ணீரில் பரவிய மருந்து மண்ணின் மேல்பரப்பில் படலமாகப் படியும். முளைவிடும் களை அதைத் துளைத்துக்கொண்டு வரும்போது சாகும். வயல் மேடு பள்ளமாக இருந்தால் மேட்டில் அந்தப் படலமே விழாது. மடை ஒழுகினால் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். புல் திட்டுத் திட்டாக மேட்டில் மட்டும் வந்திருந்தால், திட்ட வேண்டியது மருந்தை இல்லை, சரியாகப் பரம்படிக்காததை.

பிஸ்பைரிபாக் சோடியம் இதற்கு நேரெதிர். அது இலை வழியாக உள்ளே போவது. எனவே தண்ணீரை வடித்து, களையின் இலை நன்றாக வெளியே தெரியும்போது அடிக்க வேண்டும். 2 அல்லது 3 நாளில் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். வடிக்க மறக்காதவர்கள்கூட கட்ட மறந்துவிடுகிறார்கள். காய்ந்த வயலில் அடுத்த செட் களை முளைக்கிறது. களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது அடிப்பது முக்கியம். தூர் கட்டிய புல்லுக்கு அடித்தால் மஞ்சளாகும், அப்புறம் மெல்லத் தேறிவிடும்.

நேரடி விதைப்பில் இன்னொரு வில்லங்கம். நடவுக்கு விற்கும் சாதாரண பிரட்டிலாக்ளோரைச் சேற்று விதைப்பில் போட்டால் நெல் முளையே அடிவாங்கும். அதற்கென்று சேஃப்னர் என்ற காப்புப் பொருள் கலந்த பிரட்டிலாக்ளோர் தனியாக இருக்கிறது. கடையில் "பிரட்டிலாக்ளோர் கொடுங்க" என்று மட்டும் கேட்காமல், நடவா விதைப்பா என்பதையும் சொல்லி வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் "டேங்குக்குப் பத்து மில்லி" என்பார். லேபிளில் இருப்பதோ ஏக்கர் கணக்கு. ஏக்கருக்கு 100 மி.லி. என்றால், மெதுவாக நடந்து 14 டேங்க் அடிப்பவர் 140 மி.லி. போடுகிறார், வேகமாக நடந்து 7 டேங்கில் முடிப்பவர் 70 மி.லி. போடுகிறார். இதற்கு வழி சுலபம். வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் ஒரு சென்ட் அடித்துப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் பிடித்தால் ஏக்கருக்கு 150 லிட்டர், அதாவது 15 லிட்டர் டேங்கில் 10 டேங்க். இனி 100 மில்லியைப் பத்தாகப் பிரித்தால் ஆயிற்று. நாசிலையும் பாருங்கள். பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில்.

எந்தக் களை என்று பார்க்காமல் அடிப்பதும் வீண். சைஹலோஃபாப் புல்லை மட்டும்தான் கொல்லும். 2,4-டி கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் பார்த்துக்கொள்ளும், புல்லைத் தொடாது. இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தால் புல்லின் மீதான வேகம் குறைந்துவிடும். தண்டை விரலில் உருட்டி மூன்று பட்டை தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. இளம் குதிரைவாலி நெல்லைப் போலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள்: நெல்லில் வெள்ளை நாக்கு போல ஒரு சவ்வு இருக்கும், குதிரைவாலியில் வெறுமையாக இருக்கும்.

2,4-டி அடித்த டேங்கைப் பருத்திக்கோ தக்காளிக்கோ தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். மிச்சசொச்சமே போதும், பருத்தி இலை ஒடுங்கி வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்துவிடும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைப்பதே நல்லது.

இதெல்லாம் சரியாகச் செய்தும் களை சாகவில்லையா? அப்போது எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்கலாம், அதாவது அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் திறன் களைக்கே வந்துவிட்டதோ என்று. ஹரியானாவில் இது பெரிய அளவில் நடந்தது. கோதுமை வயலில் வரும் ஃபலாரிஸ் மைனர் என்ற புல்லுக்கு ஆண்டுக்கணக்கில் ஐசோபுரோட்யூரான் ஒன்றையே அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்தப் புல் அசையவில்லை. கோதுமை எந்த வித்தையால் அந்த மருந்தைத் தன் உடம்பில் சிதைத்துப் பிழைக்கிறதோ, அதே வித்தை புல்லுக்கும் வந்திருந்தது. நெல்–கோதுமை என்றே ஓட்டிய வயல்களில்தான் தொல்லை அதிகம்; இடையில் வேறு பயிர் வைத்த வயல்களில் குறைவு.

நம் ஊரில் "நான்தான் மருந்தை மாற்றுகிறேனே" என்பவர்கள் பலர் மாற்றுவது பெயரை மட்டும். முளைக்கும் முன் பைரசோசல்ஃப்யூரான், முளைத்த பின் பிஸ்பைரிபாக் என்று போட்டால் மருந்து இரண்டு, ஆனால் இரண்டும் தாக்குவது ஏ.எல்.எஸ். என்ற ஒரே நொதியை. முன்னதற்குப் பதில் பிரட்டிலாக்ளோர் போட்டால்தான் அது மாற்றம். தப்பித்து நிற்கும் பத்துப் பதினைந்து புல்லை விதை கொட்டுவதற்குள் கையால் பிடுங்கி வரப்புக்கு வெளியே எடுத்துப் போட வேண்டும்; மருந்துக்கு அசையாத விதை அவற்றில்தான் இருக்கும்.