இளம் நீச்சல் வீரர்களுக்கான தீவிர இடைவெளிப் பயிற்சி

பெங்களூரில் விடியுமுன்பே பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோர், வேகமாக நீந்துவதும் ஓய்வெடுப்பதுமாக மாறி மாறிச் செய்யும் இந்தத் தீவிர இடைவெளிப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாள்களோடு நிறுத்திக்கொண்டு, இடையே 48 மணி நேரமாவது விட வேண்டும்.

முதலில் 400 மீட்டர் நிதானமாக நீந்தி உடலைத் தயார்ப்படுத்திய பின், 90 வினாடிக்கு ஒரு முறை புறப்பட்டு, 50 மீட்டரை எட்டு முறை ஏறக்குறைய முழு வேகத்தில் நீந்த வேண்டும். 40 வினாடியில் முடிப்பவருக்கு 50 வினாடி ஓய்வு கிடைக்கும். நேரத்தோடு கைவீச்சுகளையும் எண்ணுங்கள். வேகம் குறைந்து கைவீச்சு கூடினால், ஆறாவது முறையாயினும் அங்கேயே நிறுத்துவதே சரி என்பேன். ஏனெனில் களைப்பில் படியும் தவறான வீச்சைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம். தோள் வலித்தால் அன்று இப்பயிற்சியே கூடாது.

இறுதியில் 200 மீட்டர் மெதுவாக நீந்தி முடிக்கலாம்.