விறகு பிளக்கும் மெஷின் வாங்கும் முன் கட்டையைப் பாருங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற புளியமரமும் அன்றுதான் விழுந்தது. வெந்நீர் பாய்லருக்கு இரண்டு வருஷத்துக்கு விறகு ஆயிற்று என்று எண்ணி, அவசரமாக 4 டன் விசையில் தள்ளும் எலெக்ட்ரிக் மெஷின் ஒன்றை வாங்கினேன். நாலாவது கட்டையிலேயே ஆப்பு பாதி இறங்கி நின்றுவிட்டது. வைரம் பாய்ந்த புளி, அதிலும் முறுக்கு விழுந்த நார். அந்த மெஷின் மேல் தப்பில்லை. கட்டையைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்ததுதான் தப்பு.

இன்றைக்கும் பலர் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். உங்கள் வீட்டுக்கு வருவது என்ன மரம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சென்னை விறகுத் தொட்டிகளில் அதிகம் கிடைப்பது சவுக்கு. நேரான நார், கை கனமோ தொடை கனமோதான் இருக்கும். அதில் பெரும்பகுதியைப் பிளக்கவே வேண்டாம், அறுத்தால் போதும். சவுக்கு மட்டும் எரிக்கும் வீட்டுக்கு நல்ல ரம்பமும் ஒரு கோடாலியும் போதும் என்பேன். மாதம் நாலைந்து கட்டு விறகுக்காக மெஷின் வாங்குவது வீண் செலவு. புளி, வேம்பு, தூங்குமூஞ்சி என்று புயலில் விழுந்த பருத்த மரங்கள் அடிக்கடி வந்தால்தான் மெஷினுக்கு வேலை. அப்படி வந்தால் ஈரம் இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். பெரும்பாலான மரம் அப்போது சுலபமாகப் பிளக்கும், சீக்கிரம் காயவும் செய்யும்.

சரி, டன் கணக்குக்கு வருவோம். ஹைட்ராலிக் மெஷின், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் மெஷினின் விசை என்பது அந்த அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் வருவது. 6 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன், 200 பார் அழுத்தம் என்றால் சுமார் 5.7 டன் வரும். அதே மெஷினில் 10 டன் என்று எழுதி ஒட்டியிருந்தால் அதை நம்பாதீர்கள். பிஸ்டன் விட்டமும் அழுத்தமும் கேட்டு, விட்டத்திலிருந்து பரப்பைக் கணக்கிட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். எத்தனை செ.மீ. நீளக் கட்டை அதில் உட்காரும் என்பதையும், உங்கள் பாய்லர் வாய் எவ்வளவு என்பதையும் அளந்துகொண்டு போங்கள். வீட்டு மெஷின் பலவற்றில் 52 செ.மீ.க்கு மேல் கட்டை நிற்காது.

இனி நான் மிகவும் பயப்படும் விஷயம். விலை குறைவு என்று பலரும் வாங்குவது, திருகு வெட்டிய கூம்பு சுற்றும் மெஷின். கட்டையை அதன் முனையில் கொடுத்தால் கூம்பு உள்ளே ஏறிப் பிளக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கட்டைக்குச் சரியான தாங்கல் இல்லையென்றால் கூம்போடு சேர்ந்து கட்டையும் சுழன்று கையை அடிக்கும். வேட்டி நுனி, லுங்கி, துப்பட்டா, புடவை முந்தானை எது பட்டாலும் சுருட்டி இழுக்கும். கையுறைகூட இங்கே ஆபத்து, விரலோடு சேர்த்து இழுத்துவிடும். ஸ்விட்சை அணைத்தாலும் உடனே நிற்காது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதை வைக்கவே வேண்டாம். டிரில்லில் மாட்டும் சின்னக் கூம்பும் இதே ரகம்தான். கட்டையில் அது சிக்கினால் டிரில் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

நல்ல ஹைட்ராலிக் மெஷினில் இரண்டு கையும் வேலையில் இருந்தால்தான் ஆப்பு நகரும். ஒரு கையை எடுத்தாலே நின்றுவிடும். இந்த வசதி இல்லாத மெஷினை வாங்காதீர்கள். அப்புறம், வசதிக்காக ஒரு பிடியைக் கயிற்றால் கட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டை சிக்கினால் ஆப்பை முழுக்கப் பின்வாங்கி, மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்திலும் தடுக்கி விழுகிறோம். 2200 வாட் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. சாதாரண பிளக் பாயிண்ட் தாங்காது, 15 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். அமெரிக்காவிலிருந்து வீடு மாறி வருபவர்கள் அங்கே வாங்கிய மெஷினையும் கொண்டு வருவதுண்டு. டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஆனால் அங்கத்திய 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் சுற்றும். பெட்ரோல் மெஷின் என்றால் மூடிய கார் ஷெட்டில் ஓட்டவே கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்கள் பிஸ்டன் தண்டுக்கு எண்ணெய் தடவி மூடி வையுங்கள், உப்புக்காற்று சீக்கிரம் துருவேற்றும். சாலையோர மரத்துக் கட்டை வந்தால் ஆணி இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஆப்பின் முனை போய்விடும், துண்டு தெறித்துக் கண்ணில் படும்.

கடைக்குப் போகும்போது உங்கள் குவியலிலிருந்தே, கணு உள்ளதாகப் பார்த்து இரண்டு கட்டைகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போங்கள். அதைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பார்க்கலாம்.